பிரஷர் ஏறக்கூடாது

பயப்படாதம்மா, அது ஒண்ணும் இல்ல. மெஷின் அப்படித்தான் கூவும். குழாய் மடங்குனாக் கூவும், நீ கழுத்தத் திருப்புனாக் கூவும், சும்மாவும் கூவும். இப்ப நர்ஸு மதீஹா வருவா, ஒரு பட்டனத் தட்டுவா, நின்னுடும். அவ செருப்ப இழுத்துக்கிட்டு மெதுவா வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். ஓடி வந்தாத்தான் கவலப்படணும். பாரு, ஆடி அசைஞ்சு வர்றா. தட்டிட்டா. போயிட்டா. அவ்வளவுதான்.

மொத நாள் இல்ல? தெரியுது. மொத நாள் எல்லாரும் அந்தக் குழாயத்தான் பாப்பாங்க. செவப்பாப் போகுதே, செவப்பா வருதே, அத்தனையும் என்னோடதான்னு. அதப் பாக்காத. ஜன்னலப் பாரு, இல்ல என்னப் பாரு. நான் பாக்க ஒண்ணும் அழகில்ல, ஆனா குழாய்க்குத் தேவலாம். இன்னும் ரொம்ப நேரம் இருக்கு. பேரு என்னன்னு சொன்னா மதீஹா? தஹானியா. நல்ல பேரு.

குளுருதா? குளுரும். ரத்தம் வெளிய போய்ச் சுத்திட்டுத்தான வருது. அடுத்த தடவை கம்பளி சாக்ஸ் ஒண்ணு போட்டுக்கிட்டு வா. ஒரு போர்வையும் கொண்டா, ஆஸ்பத்திரிப் போர்வை பேருக்குத்தான். எனக்கா? எனக்குக் குளுருதான்னு தெரியல. முன்னாடியெல்லாம் குளுரும், பல்லு தந்தியடிக்கும். இப்ப காலு இருக்குற இடமே தெரியறதில்ல. அது போகட்டும்.

வெளிய நிக்கிறாரே, ஊதாச் சட்டை, அவருதான் உன் வீட்டுக்காரரா? உள்ள எட்டிப் பாத்துட்டு ஓடி ஓடிப் போறாரு. என்ன சொன்னாரு உங்கிட்ட? பத்துத் தடவை டயாலிசிஸ் போட்டா கிட்னி திரும்ப வேலை செய்யும்னா? ம். டாக்டர் சொன்னாரா, அவரு சொன்னாரா? அவருதானா. சரி. நான் ஒண்ணும் சொல்லலம்மா. இந்த ஊர்ல நோயாளிகிட்ட யாரு எத நேராச் சொல்லிருக்காங்க. டாக்டரத் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டு, சிரிச்ச முகமா வந்து நிப்பாங்க. அது பாசம். கெட்ட எண்ணம் இல்ல. நீயும் பத்துன்னே வச்சுக்க. பத்து முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

உனக்கு முன்னாடி இந்த நாற்காலியில யாரா? ஒரு வாத்தியாரு. பூகோளம் சொல்லிக் குடுக்குறவரு. எந்த நாட்டுல என்ன ஆறு ஓடுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, நமக்குத் தண்ணியே ஆகாது, இவரு ஆறப் பத்திப் பேசுவாரு. அவரத் தமன்ஹூருக்கு மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க, அவங்களையும் தமன்ஹூருக்குத்தான் மாத்துனாங்க. ஜன்னலோரத்துத் துணிக்கடைக்காரரும் தமன்ஹூருதான். இந்த மன்சூராவுல இடமே பத்தாத மாதிரி எல்லாரும் அங்கயே போறாங்க. மதீஹா வந்து சொல்லுவா, ஆமாம்மா, நல்ல ஊரு, காத்து நல்லாருக்கும்னு நான் தலையாட்டுவேன். அவளும் தலையாட்டுவா. சிரிக்காத, கழுத்துல குழாய் இருக்கு, மறுபடியும் கூவப்போகுது.

சரி, காதக் குடு. சாப்பாட்டப் பத்திச் சொல்ல இங்க ஒரு பொண்ணு வரும், பச்சைக் கோட்டு. தங்கமான பொண்ணு. அது சொல்றத மறுபேச்சு இல்லாமக் கேளு. நான் இப்ப சொல்லப்போறதெல்லாம் அது சொல்லிக் குடுத்ததுதான், பழகிப் பாத்துச் சொல்றேன், அதுதான் வித்தியாசம்.

மொதல்ல தாகம். அதுதான் சைத்தான். நம்ம உடம்புலருந்து தண்ணி வெளிய போக வழியில்ல, குடிச்சதெல்லாம் உள்ளயே நின்னு காலு வீங்கி நெஞ்சுல ஏறும். வீட்டுல இருக்குற பெரிய டம்ளரெல்லாம் எடுத்து மேல் அலமாரியில வச்சிடு. சின்னதுல குடி. எலுமிச்சம்பழத்த நறுக்கி ஃப்ரிட்ஜுல உறைய வச்சு, நாக்கு ஒட்டும்போது ஒரு துண்டு வாயில போட்டுக்க. திராட்சை நாலஞ்சும் அப்படியே. வாயக் கொப்புளிச்சுத் துப்பு, அதுவே பாதித் தாகம் தீரும். டீ இருக்கு பாரு, அதுதான் கஷ்டம். எந்த வீட்டுப் படி ஏறுனாலும் டீ. வேண்டாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. வாங்கிக்க. ஒதட்டுல ஒரு தடவை வை. அப்புறம் பேச்சு முடியுற வரைக்கும் கையிலயே வச்சிருந்துட்டு, ஆறிப்போச்சேன்னு வச்சுட்டு எந்திரிச்சு வா. நான் எத்தனை வீட்டுல எத்தனை டீய ஆற வச்சிருக்கேன் தெரியுமா.

உப்பு, சொல்லவே வேண்டாம். ஊறுகாய், பாலாடைக்கட்டி, வசந்தப் பண்டிகைக்கு ஊற வைக்குற உப்பு மீனு, எல்லாத்துக்கும் கும்புடு போட்டுடு. கடை ரொட்டியிலயும் உப்பு இருக்கு. என் மக ராவியா எனக்குன்னு தனியா உப்பில்லாம ரொட்டி சுடுறா. மொத வாரம் அட்டையத் தின்ன மாதிரி இருக்கும். அப்புறம் நாக்கு மறந்துடும். நாக்கு எதையும் மறக்கும்மா. உப்புக்குப் பதிலா டப்பாவுல ஒண்ணு விக்கிறானே, அத மட்டும் வாங்கிடாத, அதுல இருக்குற சத்து நம்ம நெஞ்சயே நிறுத்திடும்னு அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சிக்கும்.

உருளைக்கிழங்கு திங்கலாம், ஆனா தோலச் சீவி சின்னதா நறுக்கித் தண்ணியில ஊறப்போடணும். நல்லா ஊறுனதும் அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற தண்ணியில வேக வை. இது என் மகனுக்குக்கூடத் தெரியும். ராஃபத். குவைத்துல லாரி ஓட்டுறான். முன்னாடியெல்லாம் போன் பண்ணா, அம்மா எப்படி இருக்க, சரி, ராவியாகிட்ட குடுன்னுதான் பேச்சு. உருளைக்கிழங்கு மரத்துல காய்க்குதான்னு கேட்டா ஆமான்னு சொல்றவன் அவன். இப்பப் பாரு, வாரத்துக்கு ரெண்டு மூணு சேதி அனுப்புறான். அம்மா, கிழங்க ஊற வச்சியா, தண்ணியக் கொட்டுனியா, மாடியில நடந்தியா, மனசப் போட்டு அலட்டிக்காதன்னு. எல்லாம் எழுத்துல வருது. அங்க சிக்னல் சரியில்லையாம், பேசுனா அறுந்துடுதாம். எனக்குப் படிக்கத் தெரியாது, ராவியா படிச்சுக் காட்டுவா. நிறுத்தி நிறுத்திப் படிப்பா. நான் கேட்டுட்டு, சரின்னு எழுதிடுன்னு சொல்லுவேன். அவ எழுதுவா.

அக்கறையான பையனா? ஆமா. இப்ப ரொம்ப அக்கறையாயிட்டான்.

இந்தா, மறுபடியும் கையில இறுக்குது. இது பிரஷர் பாக்குற பட்டை, அதுவா ஊதிக்கும், அதுவா விட்டுடும். அது ஊதும்போது பேசக்கூடாது. இரு.

நூத்தி முப்பத்தி ரெண்டு. நல்லாருக்கு. இந்த நம்பருதாம்மா இப்ப எனக்கு எல்லாம். சனிக்கிழம எனக்கு ஆபரேஷன். ராவியா கிட்னி குடுக்குறா. ரத்தம் பாத்து, சதை பாத்து, எல்லாம் ஒத்துப்போச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், ரெண்டு பிள்ளை பெத்தவ, வேலைக்குப் போறவ. கேக்கல. அவ பிடிவாதம் அவ அப்பா மாதிரி. டாக்டரு என்னக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அம்மா, பிரஷர் ஏறக்கூடாது. நூத்தி நாப்பதுக்கு மேல போச்சுன்னா நான் கத்திய எடுக்க மாட்டேன்னு.

ஏன்னா ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. தேதி குறிச்சு, ராவியா பிள்ளைகள மாமியார் வீட்டுல விட்டுட்டு, துணிமணி கட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டா. அன்னிக்கின்னு பாத்து எங்க அண்ணன் மௌத்து, போய்ச் சேந்துட்டாரு. போன நான் எடுத்துத் தொலைச்சேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு அறிவு கெட்டவன், நேரா எங்கிட்டயே சொல்லிட்டான். நான் கத்துனேன், கன்னத்துல அறைஞ்சுக்கிட்டேன், படிக்கட்டெல்லாம் சனம் கூடிடுச்சு. மூக்குலருந்து ரத்தம். எரநூறத் தாண்டிடுச்சு. தேதி போச்சு. ராவியா மூட்டையத் திரும்பக் கட்டிக்கிட்டுப் போனா. அவ வீட்டுக்காரன் நல்லவன்தான், ஆனா சொல்லிட்டான், இன்னும் ஒரு தடவைதான் அனுப்புவேன், அதுவும் தள்ளிப்போச்சுன்னா என்னக் கேக்காதீங்கன்னு. அவனச் சொல்லிக் குத்தமில்ல. யாரு பொண்டாட்டிய மாசத்துக்கொரு தரம் அறுக்கக் குடுப்பான்.

அதுக்கப்புறம் வீட்டுல சட்டம் போட்டுட்டாங்க. அம்மா காதுக்குக் கெட்ட சேதி எதுவும் போகக்கூடாது. டிவியில செய்தி வந்தா மாத்திடுவாங்க. போன் எங்கிட்ட கெடையாது. கீழ் வீட்டு ஃபௌக்கியா ஒருத்தி, யாரு வீட்டுல யாருக்கு என்னன்னு ஊர் வம்பெல்லாம் சொமந்துக்கிட்டு வருவா, அவளே இப்ப வந்து உக்காந்தா வெயிலப் பத்திப் பேசுறா. பாவம், அவளுக்கு வெயிலப் பத்திப் பேசவே தெரியல. ஆமா சூடுதான்னு சொல்லிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுவா.

எப்படிப் பிரஷரக் கட்டுல வச்சிருக்கேனா? அதத்தான் சொல்ல வந்தேன். மூச்சு. மூக்கால இழு, மெதுவா. நிறுத்து. அப்புறம் ஒதட்டக் குவிச்சு, சூடான டீய ஊதுவியே, அப்படி விடு. இழுத்தத விட ரெண்டு மடங்கு நேரம் விடணும். எது மேல வந்தாலும் ஊதிடு. கோவமா, ஊது. பயமா, ஊது. அழுகை இங்க தொண்டைக்குழியில வந்து நிக்கும் பாரு, அங்கயே ஊதிடணும். கண்ணுக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் பிடிக்க முடியாது. மொதல்ல வராது. பழகப் பழக நல்லா வரும். எனக்கு ரொம்ப நல்லா வருது. அந்தப் பச்சைக்கோட்டுப் பொண்ணு மத்தவங்களுக்கெல்லாம் என்னக் காட்டுது, இந்த அம்மாவப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்காங்கன்னு.

நடக்கணும். நம்மால எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ரோட்டுல எனக்கு முடியாது, அதனால அஸர் தொழுதுட்டு மொட்டமாடிக்கு ஏறிடுவேன். படியில ஒவ்வொரு தளத்துலயும் நின்னு நின்னுதான். மேல புறாக்கூடு இருக்கு, துணி காயுற கயிறு இருக்கு, கயித்துக்கு நடுவுல சந்து மாதிரி இருக்கும், அதுல போய்ட்டு வந்துட்டு இருப்பேன். ராவியாவுக்குப் பிடிக்காது, தனியா ஏறாதம்மா, நானும் வர்றேன்னு அடம் பிடிப்பா. அவ ஆபீஸ்லருந்து வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடுவேன்.

நல்லாத் தூங்கு. டிவிய அணைச்சுடு, காலத் தூக்கித் தலகாணியில வச்சுக்க. தூக்கம் வரலன்னாலும் கண்ண மூடிப் படுத்திரு, உடம்புக்கு அது போதும்.

அப்புறம் கூட இருக்குறவங்க. அது முக்கியம்னு அந்தப் பொண்ணு சொல்லும். நோயாளி மட்டும் பத்தியம் இருந்தா மனசு உடைஞ்சு போகுமாம், வீட்டுல எல்லாரும் சேந்து இருந்தா தெம்பு வருமாம். எங்க வீட்டுல அப்படித்தான். ஏன், கட்டடமே அப்படித்தான். சொன்னா நம்பமாட்ட. இந்த நோன்புப் பெருநாளைக்கு எங்க கட்டடத்துல ஒரு வீட்டுலகூடக் கஹ்க் பலகாரம் சுடல.

பாத்தியா, நீயே முழிக்கிற. பெருநாள்னா கஹ்க் இல்லாமயா. எங்க கட்டடத்துல கஹ்க்குன்னா சண்டையே நடக்கும். யாரு வீட்டு மாவுல நெய் அதிகம், யாரு தட்டு மொதல்ல அடுப்புக்குப் போகணும்னு. ஃபௌக்கியா தகரத்தட்ட தலையில வச்சுக்கிட்டு பேக்கரி வாசல்ல முண்டியடிச்சு நிப்பா, அவ மாமியார் வந்தாலும் வரிசைய விடமாட்டா. நமக்கு அது ஆகவே ஆகாது. நெய் போகட்டும், உள்ள வைக்குற வால்நட்டு, பேரீச்சை, மேல கொட்டுற சர்க்கரைத் தூளு, ஒண்ணு கூட நமக்கு ஒத்துக்காது. போன வருஷம் ஃபௌக்கியா ஒரு தட்டு நிறைய கொண்டாந்து என் மடியில வச்சு, ஒண்ணே ஒண்ணு தின்னா செத்தா போயிடுவன்னா. அப்படிப்பட்டவ. இந்த வருஷம் நோன்பு முடியுற நேரம், படிக்கட்டுல நெய் வாசமே இல்ல. நான் ராவியாவக் கேட்டேன், என்னடி, யாரும் இன்னும் மாவு பெசையலயான்னு. அவ அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னா, இல்லம்மா, இந்த வருஷம் எல்லாரும் பேசி முடிவு பண்ணியிருக்கோம், உன் முன்னாடி திங்கக்கூடாதுன்னு, நீ என்ன சாப்பிடுறியோ அதையே நாங்களும் சாப்பிடுவோம், ஆபரேஷன் முடிஞ்சதும் சேத்து வச்சுச் சுடுவோம்னு. நல்ல யோசனைன்னு சொன்னேன். பெருநாளன்னிக்கு எல்லா வீட்டுலருந்தும் வந்தாங்க. ஆளுக்கொரு தட்டு. நறுக்குன ஆப்பிள். நாலு தளத்துலருந்தும் ஆப்பிள். நான் ஒரு துண்டு எடுத்துக்கிட்டேன்.

குடுத்து வச்சவளா நானா? ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மதீஹாகூடச் சொன்னா. ஹாஜியம்மா, உங்கள மாதிரி யாருக்கும்மா அமையும்னு. நான் ஹஜ்ஜுக்கே போனதில்ல, தெரியுமா. வயசானவங்கள மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுறதுதான், இருந்தாலும் மதீஹா என்ன அப்படிக் கூப்பிட்டதில்ல. நோன்புல ஒரு நாள் நான் வந்து உக்காந்தேன், திடீர்னு ஹாஜியம்மான்னா. அன்னிலருந்து எல்லாரும் ஹாஜியம்மாதான். டாக்டரு, கூட்டுறவ, வண்டிக்காரன், கட்டடத்துச் சனம் மொத்தமும். ஒரே நாள்ல அத்தனை பேருக்கும் மரியாதை வந்துடுச்சு.

வண்டிக்காரனும் புது வழியா வர்றான். முன்னாடி கபுறுஸ்தான் ஓரமா வருவோம், அதுதான் குறுக்கு வழி. இப்ப ஊரச் சுத்திக்கிட்டு வர்றான். ரோடு வேலை நடக்குதாம். நடக்கட்டும்.

என்ன கேட்ட? மகன் ஆபரேஷனுக்கு வரலையான்னா?

வரமாட்டாம்மா. அவன் மௌத்தாயிட்டான்.

மெதுவா, மெதுவா, எந்திரிக்காத, குழாய். மதீஹா இந்தப் பக்கம் பாக்குறா. சிரிச்ச மாதிரி வச்சுக்க மூஞ்சிய. ம், அப்படித்தான். எங்கிட்ட யாரும் இன்னும் சொல்லல. அதனால நீயும் சத்தமாப் பேசக்கூடாது.

நீயே சொல்லு, நீயும் இந்த ஊர்க்காரிதான. பெருநாளைக்கு எந்த வீட்டுல கஹ்க் சுடமாட்டாங்க? ஆமா. மௌத்தான வீட்டுல. அதே படிக்கட்டுல இருக்குறவங்க வேற எப்பச் சுடாம இருப்பாங்க? அந்த வீட்டு மரியாதைக்கு. என் வீட்டுக்காரர் போனப்பவும் எங்க படிக்கட்டுல வாசம் வரல. கிட்னிக்காக யாரும்மா கஹ்க்க விடுவா. அதுவும் ஃபௌக்கியா. பாவம், என்ன பொய் சொல்றதுன்னு தெரியாம என் பத்தியத்தச் சொல்லிட்டாங்க. அந்தப் பச்சைக்கோட்டுப் பொண்ணு சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

அப்பவும் நான் நம்பல. யாரு வீடா வேணா இருக்கலாம்லன்னு நெனச்சேன், எங்கிட்டதான் எதையும் சொல்றதில்லையே. அன்னிக்கு அஸருக்கப்புறம் மாடிக்கு ஏறுனேன், நடக்கணுமே, அதுக்குத்தான். ஃபௌக்கியா கயித்துல ஒரு கறுப்பு அங்கி காயுது. ஃபௌக்கியா குண்டு, அது அவளுக்குச் சேராது. கிட்டப்போய் ஓரத்தப் பாத்தேன். என் தையல். ராவியாவோட அங்கி, அவ அப்பா போனப்ப நான் உக்காந்து மடிச்சுத் தச்சது, நீளம் அதிகமா இருக்குன்னு. அவ ஃபௌக்கியா வீட்டுல வந்து அதக் கழட்டி வச்சுட்டு, கலர்த் துணி மாட்டிக்கிட்டு மேல வர்றா. ஆபீஸுக்கும் கறுப்புலதான் போறா போல. அண்ணன்ல.

அங்கயே நின்னுக்கிட்டு ஊதுனேன். புறாக்கூட்டப் பிடிச்சுக்கிட்டு, மூக்கால இழுத்து, வாயால விட்டு. எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் கயித்துச் சந்துல பாக்கி நடையையும் நடந்துட்டு எறங்கி வந்தேன். அன்னிக்கு ராத்திரி ராவியா பிரஷர் பாத்தா, நூத்தி முப்பத்தஞ்சு.

எப்படிப் போனான்னு தெரியாது. லாரியா, நெஞ்சா, வேற ஏதாவதா. யாரக் கேப்பேன். கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடும். துக்கம் எங்க வச்சாங்கன்னு தெரியாது, ராவியா மாமியார் வீட்டுலயா இருக்கும். கூடாரம் போட்டு, ஓதுறவர வச்சு, சர்க்கரையில்லாத காப்பி குடுத்திருப்பாங்க. ஊரே போயிருக்கும். பெத்தவதான் போகல. எங்க அடக்கினாங்கன்னும் தெரியாது. ஆனா வண்டிக்காரன் கபுறுஸ்தான் பக்கமே போகாம வழி மாத்துறான்ல. அதனால இங்கதான் கொண்டு வந்து வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறேன். அவன் அப்பா பக்கத்துல. அது ஒரு நிம்மதி.

எனக்குத் தெரியும்னு ஏன் சொல்லலையா? சொன்னா என்ன ஆகும் தஹானி. ராவியா அழுவா. அவ அழுதா நான் அழுவேன். நான் அழுதா நம்பர் ஏறும், சனிக்கிழம போயிடும், அவ வீட்டுக்காரன் மறுபடி அனுப்பமாட்டான். அப்புறம் நானும் தமன்ஹூருதான். ரெண்டு பேரையும் ஒரே வருஷத்துல அவ தூக்கி வைக்கணுமா. தினம் சாயங்காலம் வர்றா, கதவத் தட்டாமப் படிக்கட்டுத் திருப்பத்துலயே நிக்கிறா, எனக்குக் கேக்கும். மூக்கச் சிந்துவா, தொண்டையச் செருமுவா, அப்புறம்தான் சாவி போடுவா. நானும் அந்த நேரத்துக்குள்ள என் மூஞ்சிய எடுத்து மாட்டிக்குவேன். உள்ள வந்து அவன் எழுதின மாதிரி அவளே எழுதினதப் படிச்சுக் காட்டுவா. எம் மகளுக்குப் பொய் எழுத வராது. எல்லாச் சேதியிலயும் உருளைக்கிழங்கு வந்துடுது.

ஆபரேஷன் முடிஞ்சு தையல் ஆறுனதும் சொல்லுவாங்க. என் தம்பி வருவான், பள்ளிவாசல் இமாம் வருவாரு, ராவியா என் கையப் பிடிச்சுக்குவா. அம்மா, மனசத் தேத்திக்க, ஒரு சேதின்னு ஆரம்பிப்பாங்க. அப்ப நான் புதுசாக் கேட்ட மாதிரி அழணும். அதுதான் இப்ப என் கவலை. வருமான்னு தெரியல. எத்தனையோ தடவை ஊதி ஊதி உள்ள அனுப்பிட்டேன், இப்ப கூப்பிட்டாலும் வரமாட்டேங்குது. மாடியில யாரும் இல்லாதப்ப ராஃபத், ராஃபத்துன்னு சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. புறாதான் திரும்பிப் பாத்துச்சு. துக்கம் இல்லன்னு நெனைக்காத. இருக்கு. எங்க இருக்குன்னுதான் தெரியல, என் காலு மாதிரி.

நீ அழாதம்மா. ஊது. இழு, நிறுத்து, விடு. ம். நல்லா வருது உனக்கு. சீக்கிரம் பழகிடுவ.

எனக்கு ஒரு உதவி பண்ணுவியா? பெருசா ஒண்ணும் இல்ல. மூத்தவன் பேர வச்சுத்தான தாயக் கூப்பிடுவாங்க. முப்பது வருஷமா நான் உம்மு ராஃபத், ராஃபத்தோட அம்மா. என் சொந்தப் பேரு இன்ஸாஃபுன்னு எனக்கே எப்பவாவதுதான் ஞாபகம் வரும். இப்ப யாரும் அந்தப் பேரச் சொல்றதில்ல, எல்லாருக்கும் பயம். சனிக்கிழம ஆபரேஷன் அறையில புது ஆளுங்க இருப்பாங்க, பழைய சீட்டப் பாத்து யாராவது தெரியாம உம்மு ராஃபத்னு கூப்பிட்டுடுவாங்களோன்னு இருக்கு. அந்த நேரத்துல ஏறிடுச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால தெரிஞ்சுக்கணும். நான் சொன்னா ஆகல, வேற ஒருத்தர் சொல்லிக் கேட்டாத்தான தெரியும். இப்ப பட்டை மறுபடி இறுக்கும், மெஷின் நிக்கிறதுக்கு முன்னாடி கடைசியாப் பாக்குறது, மதீஹா அத எழுதி டாக்டருக்கு அனுப்புவா. அது ஊத ஆரம்பிச்சதும் கூப்பிடு. சாதாரணமா, வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிடுவியே, அப்படி. அழுதுக்கிட்டு கூப்பிடாத.

இப்ப. ஊதுது. கூப்பிடு.

ம்.

இன்னொரு தடவை.

சரி. போதும். நல்லாக் கூப்பிட்ட.

வா மதீஹா. என்ன, எவ்வளவு? நூத்தி இருபத்தெட்டா. நல்லதுதான. டாக்டருக்கு அனுப்பிடு. இவளா? ஒண்ணும் இல்ல, மொத நாளு, பயந்திருக்கா, சரியாயிடுவா. ராவியா வந்துட்டாளா வெளிய? வரச்சொல்லு. என்ன பண்ணேனா? நான் என்னம்மா பண்ணேன். உப்பக் கொறச்சேன். அவ்வளவுதான்.